வர்ணம் கெடாமல் நெளிவு எடுத்தல்

ஆண்டு விழா மலர் என்றால் மொழியின் பெருமையையும் பண்பாட்டின் சிறப்பையும் கூறும் கட்டுரைகள் நிறைந்திருத்தல் வழக்கம். அவற்றை எழுத வல்லார் பலர் எம்மிடையே உளர். எனவே, வார நாட்களில் நாம் செய்துவரும் தொழிலைப் பற்றி மாணவர்க்கும் பெற்றோர்க்கும் சில செய்திகளைச் சொல்ல விழைகின்றோம். காரின் உடலில் விழுந்த நெளிவை, மேலுள்ள வர்ணத்தைச் சுரண்டாமலும் புதிதாகப் பூசாமலும் நிமிர்த்தி எடுப்பதே அத்தொழில்.

நாம் வாழும் தென் ஜேர்மனியில் இத்தொழிலுக்குப் பெருமளவில் வேலை தருவது வானம். 1984ஆம் ஆண்டு யூலை 12ஆம் நாள் மியூனிக் நகரில் பெய்த ஆலங்கட்டி மழையில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் கார்கள் சேதமுற்றன. 2013ஆம் ஆண்டு யூலை 28ஆம் நாள் றொய்ற்லிங்கன் பகுதியிலும் அத்தகைய பெரும் அழிவு நேர்ந்தது. இத்தகைய மழைக்குப் பின் ஒரு காரின் கூரையில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்ட குழிகள் இருப்பதுண்டு. அவற்றை எல்லாம் நிரப்புப் பொருள் இட்டு மூடி, தேய்த்து, மீண்டும் வர்ணம் பூசுவது ஒரு வழி. வர்ணத்தைத் தொடாமல் உள்ளிருந்து தள்ளி நிமிர்த்துவது மற்றொரு வழி.

முதல் வர்ணத்தைக் காப்பதில் ஏன் இத்துணை அக்கறை என்று கேட்கலாம். தொழிற்சாலையில் கார் வெறும் உலோகக் கூடாக இருக்கும்போதே வர்ணம் பூசி, ஏறத்தாழ 140 பாகை செல்சியசிலும் அதற்கு மேலும் சூடேற்றி இறுக வைக்கின்றனர். இருக்கைகளும் மின்கருவிகளும் பொருத்தப்பட்ட காரை அவ்வாறு சூடேற்ற முடியாது. ஆதலால் திருத்தகத்தில் பூசும் வர்ணத்தை ஏறத்தாழ 60 பாகையிலேயே உலர்த்துவர். முதற் பூச்சின் மொத்தத் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவே. அதனை ஒரு தடவை சுரண்டிவிட்டால் அதே பூச்சைத் திரும்பப் பெற இயலாது.

தாயகத்தில் பௌதிகவியல் கற்பித்த நாம், அகதியாக இந்நாடு வந்த பின்னரே இத்தொழிலைக் கற்றோம். ஆயினும் முதல் நாளிலேயே பழைய நண்பர் ஒருவரைச் சந்தித்த உணர்வே ஏற்பட்டது. அந்த நண்பர் ஊக்கின் விதி. சுருளிவில்லை அளவோடு இழுத்தால் அது மீளும். மீள்தன்மை எல்லையைக் கடந்தால் மீளாது. றொபேட் ஊக் 1678இல் வெளியிட்ட இவ்விதி கார்க் கதவிலும் ஆட்சி செய்கின்றது. நெளிவின் நடுவிலும் விளிம்பிலும் உள்ள சிறு பகுதியே எல்லையைக் கடந்து உருமாறியிருக்கும். அதைச் சூழ்ந்த தகடு மீண்டும் பழைய நிலைக்கு வரவே முயல்கின்றது. உருமாறிய அச்சிறு பகுதி அதனைத் தடுத்து வைத்திருக்கின்றது. தடையை நீக்கிவிட்டால் மற்றது பெரும்பாலும் தானே எழும்.

வேலை கண்ணில் தொடங்குகின்றது. கோடுகள் கொண்ட ஒளிப்பலகை ஒன்றைக் காரின் அருகே நிறுத்துவோம். பளபளப்பான வர்ணத்தில் அக்கோடுகள் தெறித்துத் தெரியும். தகடு செம்மையாக உள்ள இடத்தில் அவை ஒழுங்காக ஓடும். நெளிவு உள்ள இடத்தில் வளைந்து நெருங்கும். பின்பு கதவின் உட்புறமாகவோ பொனற்றின் கீழாகவோ நீண்ட உருக்குக் கம்பியைச் செலுத்தி, அதன் நுனி சரியாக எங்கே படுகின்றது என்பதை அக்கோடுகளின் அசைவைக் கொண்டே அறிய வேண்டும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தள்ள வேண்டும். நெளிவைச் சுற்றி மேலெழுந்துள்ள வரம்பை வெளியிலிருந்து மெல்லத் தட்டித் தாழ்த்த வேண்டும். கம்பி புக வழியில்லாத இடத்தில், பிளாஸ்ரிக் துண்டொன்றைச் சூடான பசையால் வெளியே ஒட்டி இழுப்பதும் உண்டு. அவசரப்பட்டு ஓங்கித் தள்ளினால் குழி இருந்த இடத்தில் கொப்புளம் எழும். உள்ளங்கை அளவு நெளிவுக்கு நூற்றுக்கணக்கான சிறு தள்ளல்கள் தேவைப்படும்.

எங்கே இம்முறை செல்லாது என்பதை அறிதலும் தொழிலறிவே. வர்ணம் வெடித்திருந்தாலோ, தகடு கூராக மடிந்திருந்தாலோ, துருப்பிடித்திருந்தாலோ பழைய முறையே ஏற்றது. குளிரில் வர்ணம் எளிதில் வெடிக்கும். எனவே தகட்டை முதலில் இளஞ்சூடாக்குவோம். அலுமினியத் தகடு உருக்கைப் போல இணங்கி மீளாது; அதற்குக் கூடுதல் சூடும் பொறுமையும் வேண்டும். தலைமயிர் உலர்த்தியால் சூடாக்கிப் பனிக்கட்டி வைத்தால் நெளிவு தானே போய்விடும் என்று நம்புவோர் உளர். பெரும்பாலான நெளிவுகள் அதற்கு அசைவதில்லை.

இவற்றை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் நமது பள்ளி வாசலில் ஒரு தந்தையார் தம் மகனைக் கடிந்துகொண்டிருந்தார். “ஒழுங்காப் படிக்காட்டி கராச்சிலை கார் தட்டத்தான் போவாய்” என்றார். அருகில் எம்மைக் கண்டதும் அவர் முகம் வாடியது. “மாஸ்ரர், குறை நினையாதையுங்கோ, உங்களைச் சொல்லேல்லை” என்றார். எம்மைச் சொன்னதற்காக நாம் வருந்தவில்லை. அம்மாணவன் தலைகுனிந்து நின்றதே எம்மை வருத்தியது.

அதற்கு முந்திய வாரம் ‘எனது எதிர்கால விருப்பம்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தோம். ஐந்து வரிக்கு மேல் தமிழில் எழுதியறியாத அம்மாணவன் அன்று இரண்டு பக்கம் எழுதினான். கார் உடல் திருத்தும் தொழிலைக் கற்க விரும்புவதாக எழுதியிருந்தான். தகடு, நெளிவு, விளிம்பு, தெறிப்பு ஆகிய சொற்களை எம்மிடம் கேட்டுக் கேட்டு எழுதினான். அந்தக் கொப்பியை நாம் தந்தையாரின் கையில் கொடுத்தோம். அடுத்த சனிக்கிழமை அவர் எம்மைத் தேடி வந்து, “அதைப் படிச்சு முடிச்சால் பிறகு என்ன வழி, மாஸ்ரர்?” என்று கேட்டார். பல பெற்றோரின் உள்ளத்திலும் இருக்கக்கூடிய கேள்வி அது.

வாகன உடல் திருத்துநருக்குரிய அவுஸ்பில்டுங் இந்நாட்டில் மூன்றரை ஆண்டுகள் நடைபெறுவது. பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் உண்டு. திருத்தகத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிக் கற்பர். அதன்பின் மைஸ்டர் தகைமை பெறலாம். சொந்தமாகத் தொழில் நிறுவலாம். ஜேர்மன் தகைமைச் சட்டகத்தில் மைஸ்டர் தகைமையும் பல்கலைக்கழக இளநிலைப் பட்டமும் ஒரே 6ஆம் படியில் வைக்கப்பட்டுள்ளன. பல்கலைக்கழகம் செல்ல விரும்பும் பிள்ளை செல்லட்டும், மகிழ்வோம். ஆனால் கைத்தொழிலைத் தண்டனையாகக் காட்டிப் பிள்ளையை அச்சுறுத்த வேண்டாம் என்று பெற்றோரைப் பணிவுடன் வேண்டுகின்றோம். செப்புக்குடம் நெளிந்தால் கன்னாரிடம் கொடுத்து நிமிர்த்திப் பெற்ற நாம், அவர் அறிவை அறிவென்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வழக்கத்தைக் கடல் கடந்தும் காவி வரத் தேவையில்லை.

அன்பு மாணவர்களே, உங்கள் பெற்றோரிற் பலர் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் உழைக்கின்றனர். அவ்வேலையில் அவர்கள் கற்றுக்கொண்டது என்ன என்பதை அவர்களிடமே கேளுங்கள். எந்தக் கருவியை எவ்வாறு பிடிப்பது, எதில் அவதானம் வேண்டும், எது கடினம் என்று கேட்டறியுங்கள். அதனைத் தமிழில் எழுதி அடுத்த ஆண்டு மலருக்குத் தாருங்கள். சொற்கள் கிடைக்காவிடில் எம்மிடம் வாருங்கள், சேர்ந்து தேடுவோம்.