நான் பாதி மட்டும் நடத்திய பாடம்



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பெங்களூரில் மென்பொருள் வேலை. காபி குடித்தபடி, "சார், நீங்க நடத்துன மரபுரிமத்தாலதான் ஆபீஸ்ல நல்லா மாட்டிக்கிட்டேன்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிளஸ் டூவில் நான் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். "அப்பா சொத்து பிள்ளைக்கு வர்ற மாதிரி, அடிப்படை இனக்குழுவில் எழுதினதெல்லாம் அடுத்ததுக்குத் தானா வந்துடும். திரும்ப எழுத வேண்டாம்." பரீட்சைக்கு அது போதும்.

அவனும் அப்படியே செய்திருக்கிறான். ஊழியர் என்ற இனக்குழுவில் பெயர், முகவரி, போன் எண் ஏற்கெனவே இருக்கிறதே என்று, சப்ளையரை அதன் பிள்ளையாக எழுதிவிட்டான். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலில் சப்ளையர்களும் வரிசையாக வந்து நின்றார்களாம்!

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஸ்டாக் என்பது ஹாஸ்டலில் அடுக்கிய தட்டு மாதிரி. கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க வேண்டும். வெக்டர் ஒரு பட்டியல், நடுவிலும் நுழைக்கலாம். 1996-ல் வந்த ஜாவாவின் முதல் பதிப்பிலேயே ஸ்டாக்கை வெக்டரின் பிள்ளையாக எழுதிவிட்டார்கள். அதனால் தட்டு அடுக்கின் நடுவிலும் கை வைக்கலாம் என்றாகிவிட்டது. பழைய நிரல்கள் அதை நம்பியிருப்பதால் இன்றும் அப்படியே இருக்கிறது. புதிதாக எழுதுகிறவர்கள் டெக் என்பதைப் பயன்படுத்துங்கள் என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது.

சொத்தோடு கடனும் சேர்ந்து வரும். அதை நான் சொல்லாமல் விட்டேன்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஊழியர் வேண்டும் என்கிற எந்த இடத்திலும் சப்ளையரை நிறுத்த முடியுமா? முடியும் என்றால் மரபுரிமம். முடியாது என்றால், பொதுவானதைத் தனியாக எடுத்து இரண்டுக்குள்ளும் வையுங்கள். அவனும் கடைசியில் 'தொடர்பு விவரம்' என்று ஒரு இனக்குழு எழுதி, இரண்டிலும் அதை வைத்துச் சரிசெய்திருக்கிறான். 1994-ல் வெளிவந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகமும் இதைத்தான் வலியுறுத்துகிறது. நான் அதைப் படித்தது ஓய்வு பெற்ற பிறகு.

இப்போது ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, அந்தப் பாடம் வரும்போது இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். நான் விட்ட பாதியை நீங்கள் நடத்திவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் சார்