ஹெரால்டும் கஸெலும்

வண்டலூர் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கொஞ்சம் கிறுக்குப் பிடித்த கார். பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்தால் பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதியில் தேருக்கு வாய்க்காத பாக்கியம்! இங்கிலாந்தில் இதன் மூல மாடலின் சேஸிஸைச் சுருக்கித்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரே பிறந்தது.

1972இல் ஹெரால்டை மாற்றி 'கஸெல்' என்று விட்டார்கள். முகமும் பின்புறமும் புதுசு, எஞ்சின் அதே 948 சிசி. தனித்தனியாக ஆடும் பின்சக்கரங்கள் நம்மூர் மெக்கானிக்குகளுக்கே பிடிக்கவில்லை என்று ஒற்றை ஆக்ஸிலைப் போட்டார்கள். நியாயம்தான். வளைவில் வேகமாகப் போனால் ஹெரால்டின் பின்சக்கரம் உள்ளே மடங்கும். அதையெல்லாம் 'கேரக்டர்' என்று கொண்டாட நான் தயாரில்லை.

ஆனால் பானெட்? அதையும் ஊரில் உள்ள எல்லா கார் மாதிரியும் மேலே தூக்குகிற மூடியாக்கிவிட்டார்கள். அங்கேதான் எனக்கு மனசு விட்டுப்போனது. சௌகரியத்துக்காக மாற்றுவது வேறு, செலவைக் குறைக்க அடையாளத்தையே கழற்றுவது வேறு.

 

அடையாறு, தி.நகர் பக்கம் வீட்டில் ஹெரால்டு வைத்திருந்தவர்கள் இருக்கிறீர்களா? கஸெலைச் சொந்தக்காரனாக ஏற்றுக்கொண்டீர்களா, விருந்தாளியாகத்தான் பார்த்தீர்களா? எழுதுங்கள்.