தட்டை மாற்றிப் போட்டாலும்

போன மாதம் ஒரு தோழர் கேட்டார்: "காலனிப் பிள்ளைகளுக்கு ஒலிம்பியாட் கணக்கு எதுக்கு? முதல்ல பத்தாவது பாஸ் பண்ண வைங்க." நல்ல எண்ணத்தில் கேட்டதுதான். டீக்கடையில் நின்றபடி பதில் சொல்லத் தொடங்கினோம், டீ ஆறிப்போனது, பதில் முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் மூன்று பேர். போடிநாயக்கனூரில் மலையடிவாரத்துக் காலனி ஒன்றின் சமுதாயக்கூடத்தில் வாரத்தில் மூன்று மாலை பிள்ளைகளோடு உட்காருகிறோம். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களில் பெரும்பாலோர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். திரும்பி வர இருட்டிவிடும். பள்ளி விட்ட நேரத்துக்கும் ஜீப் வந்து நிற்கும் நேரத்துக்கும் இடையில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் வகுப்பு.

தொடக்கத்தில் எட்டாம் வகுப்புக்கான தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வுக்குத்தான் பயிற்சி கொடுத்தோம். தேர்வானால் ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. நான்கு ஆண்டுக்கு 48,000. எங்கள் பிள்ளைகளின் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. கைடு வாங்கி, மாதிரி வினாத்தாள் நகலெடுத்து, 'இந்த மாதிரி வந்தா இப்படிப் போடு' என்று ஓட்டினோம். பிள்ளைகள் ஓட்டத்துக்கு ஓடினார்கள். ஆனால் எண்ணைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் நின்றுவிடுவார்கள். நாங்கள் கற்றுக்கொடுத்தது கணக்கு இல்லை, கணக்கின் சாயல் என்று புரியவே ஆறு மாதம் ஆனது.

எங்களில் ஒருவர் பி.எஸ்.சி. கணிதம் படித்தவர். ஒரு நாள் மழை, மின்சாரம் இல்லை, கைடைப் பார்க்க முடியவில்லை. அவர் வாயாலேயே ஒரு கணக்குப் போட்டார். "மலைக்குப் போற ஜீப்புல 13 பேர். அதுல ரெண்டு பேராவது ஒரே மாசத்துல பிறந்திருப்பாங்களா? கட்டாயம்னு சொல்ல முடியுமா?"

முதலில், 13 பேர்தானா என்று சிரித்தார்கள். அவர்கள் அம்மாக்கள் போகும் ஜீப்பில் அதைவிட அதிகம். பிறகு ஒரு சிறுமி சொன்னாள்: "அக்கா, எங்க அம்மாச்சி எந்த மாசம் பிறந்துச்சுன்னு அதுக்கே தெரியாது. ஆதார்ல ஜனவரி 1னு போட்டுருக்காக. ஜீப்புல பாதிப் பேருக்கு அதே தேதிதான்." இப்போது நாங்கள் சிரிக்க முடியவில்லை. அப்படியென்றால் கணக்கு செல்லாதா? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் உடைத்தான். "தெரியலைன்னா பிறக்கலைன்னு ஆயிருமா? எதோ ஒரு மாசத்துலதான பிறந்திருக்கணும். மாசம் 12தான இருக்கு. பதிமூணாவது ஆளு எங்க போகும்?"

இதைத்தான் புறாக்கூட்டு விதி என்கிறார்கள். 13 புறா, 12 கூடு, ஏதோ ஒரு கூட்டில் இரண்டாவது இருக்கும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கணிதவியலாளர் டிரிக்லே பெயராலும் இது வழங்குகிறது. எந்தக் கூடு என்று தெரியவேண்டியதில்லை. எந்த இருவர் என்றும் தெரியவேண்டியதில்லை. சான்றிதழ் கேட்காமலேயே இருப்பை நிரூபிக்கும் கணக்கு இது. சாதிச் சான்றிதழுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் தாலுகா அலுவலகப் படியேறிக் கால் தேய்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை அன்று இருட்டில் அவர்கள் போட்ட கூச்சலில்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஒலிம்பியாட் பக்கம் எங்களை இழுத்தது அந்த மழை நாள்தான்.

இந்தத் தேர்வுகளின் அமைப்பை அறியாத தம்பி தங்கைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்கள் எழுதும் முதல் கட்டத்துக்கு ஐ.ஓ.க்யூ.எம். என்று பெயர். அண்மைக்கால முறைப்படி 30 வினாக்கள், 3 மணி நேரம், 100 மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் விடை 00 முதல் 99 வரையிலான ஒரு முழு எண். அதைத் தாண்டினால் மண்டலச் சுற்று, பிறகு தேசியச் சுற்று. அங்கே விடை மட்டும் போதாது, நிரூபணம் எழுதவேண்டும். மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இதற்குப் பொறுப்பு. கடைசியில் ஆறு பேர் நாட்டின் சார்பில் சர்வதேசப் போட்டிக்குப் போகிறார்கள். இரண்டு நாள், நாளுக்கு மூன்று கணக்கு, நான்கரை மணி நேரம்.

அந்தச் சர்வதேசப் போட்டி 1959இல் ருமேனியாவில் தொடங்கியது. இந்தியா முதன்முதலில் கலந்துகொண்டது 1989 ஜூலையில், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில். அதே 1989 செப்டம்பரில்தான் போடியில் சாதிக் கலவரம் நடந்தது. எங்களில் மூத்தவருக்கு அப்போது ஒரு வயது, தூக்கிக்கொண்டு ஊர்விட்டு ஊர் ஓடியதாக அவர் அம்மா சொல்வார். இரண்டு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் 'எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், இதில் சாதி எங்கே வந்தது' என்று யாராவது பேசும்போது எங்களுக்கு இந்த இரண்டு மாதங்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

கணக்குப் பலகைக்கும் நமக்குமான வரலாற்றை அண்ணலின் வாழ்க்கையிலிருந்தே தொடங்கலாம். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் ஒரு நாள் பீமராவைக் கரும்பலகைக்கு அழைத்துக் கணக்குப் போடச் சொல்கிறார். உடனே வகுப்பில் அமளி. பலகைக்குப் பின்னால்தான் சாதி இந்துப் பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாக்களை வைத்திருந்தார்கள். இவர் கிட்டே போனால் தீட்டாகிவிடும் என்று ஓடிப்போய் டப்பாக்களைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் அவரைப் பலகையைத் தொட விட்டார்கள். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. அந்தக் கணக்கு என்ன, அவர் எப்படிப் போட்டார் என்பதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எங்கள் பிள்ளைகள் முதலில் கேட்டது அதைத்தான்: "அந்தக் கணக்கு என்ன கணக்கு?"

கணிதம் என்றதும் இராமானுஜன் பெயரை எடுத்துவிடுவார்கள். ஏழை, தானே படித்து மேதையானவர் என்று. அவர் வறுமையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் 1903இல் கும்பகோணத்தில் அந்த இளைஞர் கைக்கு கார் என்பவர் தொகுத்த, ஆயிரக்கணக்கான தேற்றங்கள் கொண்ட புத்தகம் வந்து சேர்ந்தது. நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தது. வறுமை வேறு, புத்தகம் வந்து சேரும் பாதை அடைபட்டிருப்பது வேறு. நாங்கள் எம்.ஏ.வில் இதைப் பூர்தியூவின் பெயரில் பண்பாட்டு மூலதனம் என்று பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கினோம். காலனியில் அதற்குப் பெயர் 'எடுத்துக் குடுக்க ஆள் இல்ல'.

ஆகவே எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை என்று முடிவு செய்தோம். பயிற்சிக் கணக்குகள் கிடைப்பது கஷ்டமில்லை. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இருக்கின்றன. கிருஷ்ணமூர்த்தி, பிரணேசாச்சார், ரங்கநாதன், வெங்கடாசலா நால்வரும் எழுதிய தடித்த புத்தகம் ஒன்று இந்திய ஒலிம்பியாட் மாணவர்களுக்கெல்லாம் தெரிந்தது, நாங்களும் பழைய பிரதி ஒன்று வாங்கினோம். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஆங்கிலம். மொழிபெயர்த்தால் வரிகள் தமிழாகின, கணக்கு தமிழாகவில்லை. கோல்ஃப் பந்தும் சதுரங்கப் போட்டி அட்டவணையும் எங்கள் திண்ணையில் உட்கார மறுத்தன. ஆகவே உள்ளிருக்கும் எலும்பை வைத்துக்கொண்டு தோலை மாற்றத் தொடங்கினோம்.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். 1 முதல் 17 வரை எழுது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போடு, மொத்தம் பூஜ்யம் வருமா? இரண்டு மாலை மாற்றி மாற்றிப் போட்டார்கள். வராது. எல்லாம் கூட்டினால் 153, ஒற்றைப்படை. எந்த எண்ணின் குறியை மாற்றினாலும் மொத்தம் அதன் இரண்டு மடங்கு மாறும், அதாவது இரட்டைப்படையாகத்தான் மாறும், எனவே ஒற்றைப்படை ஒற்றைப்படையாகவே இருக்கும். 16ஆவது வளைவோடு நிறுத்தினால்? ஒருத்தி கண்டுபிடித்தாள்: 1 கழி 2 கழி 3 கூட்டு 4 பூஜ்யம். 5, 6, 7, 8க்கும் அப்படியே. நான்கு நான்காக 16 வரை போய்விடலாம். மெட்டுக்கு ஒரு வளைவு முன்னால் கணக்கு முடிகிறது என்று இன்னும் கேலி பேசுகிறார்கள்.

பழைய 'காலமும் வேலையும்' கணக்குகளை மட்டும் நாங்கள் தூக்கிப் போட்டுவிட்டோம். '4 ஆண்கள் அல்லது 6 பெண்கள் ஒரு வேலையை' என்று தொடங்கும் வகை. நாளெல்லாம் சரிவில் குனிந்து காய் எடுக்கும் பெண்ணின் மகளிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள், அவள் முகம் போகும் போக்கே தனி விமர்சனக் கட்டுரை.

ஆனால் நாங்கள் சொல்ல வந்தது தராசுக் கணக்கைப் பற்றி.

ஒலிம்பியாட் பயிற்சியில் தராசு அடிக்கடி வரும். ஒன்பது மூட்டையில் ஒன்று எடை குறைவு, இரண்டே நிறுவையில் கண்டுபிடி என்பது மாதிரி. (மும்மூன்றாகப் பிரிக்கவேண்டும்.) அதைச் சொன்னபோது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அந்த ஆதார் சிறுமியின் அக்கா கேட்டாள்: "தராசு சரியா இருக்குமா?" கணக்கில் தராசு எப்போதும் சரியாகத்தான் இருக்கும் என்றோம். "அம்மாச்சி காலத்துல தராசு சரியில்லைன்னு, தட்டை மாத்திப் போடச் சொல்லிச் சண்ட போடுவாங்களாம். ஒருதரம் இந்தப் பக்கம், ஒருதரம் அந்தப் பக்கம். அப்படி மாத்துனா சரியாயிருமா?"

எங்களுக்கும் உடனே விடை தெரியவில்லை. சரியாகிவிடும் என்றுதான் மூவரும் நினைத்தோம். போட்டுப் பார்த்தோம். தராசின் ஒரு கை நீளம் 10, இன்னொன்று 9 என்று வைத்துக்கொள்வோம். நீளக் கையில் 1 கிலோ படிக்கல், மறுதட்டில் காய். சமமாக நிற்க 9இல் 10 பங்கு, அதாவது 1 கிலோ 111 கிராம் காய் வேண்டும். மாற்றிப் போட்டால் 10இல் 9 பங்கு, 900 கிராம். இரண்டும் சேர்ந்து 2 கிலோ 11 கிராம். கணக்கில் எழுதுவது 2 கிலோ. மாற்றிப் போட்டாலும் 11 கிராம் காய் கொண்டுவந்தவருக்கே நட்டம்.

எந்த நீளத்துக்கும் இப்படித்தானா? இங்கேதான் பயிற்சிக் கணக்கு நிரூபணமாக வேண்டும். கைகள் a, b என்றால் கொடுத்த காய் a/b + b/a. அதிலிருந்து 2ஐக் கழித்தால் (a−b)²/ab. வர்க்கம் ஒருபோதும் குறை எண்ணாகாது. ஆகவே கைகள் சமமாக இல்லாத எந்தத் தராசிலும் தட்டை மாற்றுவது முழு நியாயம் தராது. கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரியைவிடக் குறையாது என்று ஒலிம்பியாட் புத்தகங்கள் சொல்லும் சமனின்மையின் உள்ளிருப்பும் இதே வர்க்கம்தான். (a−b)² பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. அது தராசுக்குள் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் வீட்டுக்குப் போய் அம்மாச்சியிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அந்த அம்மாவே சமுதாயக்கூடத்துக்கு வந்துவிட்டார். "அப்ப நாங்க மாத்திப் போடச் சொல்லிச் சண்ட போட்டதும் வெட்டியா?" எங்களுக்குப் பதில் வரவில்லை. பேத்தி நோட்டை விரித்தாள். "வெட்டி இல்ல அம்மாச்சி. மாத்தாம ரெண்டு தரமும் அந்தப் பக்கமே போட்டுருந்தா 222 கிராம் போயிருக்கும். மாத்துனதுனால 11தான் போச்சு. இருபதுல ஒரு பங்கு." அம்மாச்சி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எழுத்து தெரியாதவர். "அந்தப் பதினொண்ணும் எங்க காய்தான?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பெண்ணையும் இன்னொரு பையனையும் முதல் கட்டத் தேர்வுக்கு அனுப்பினோம். பள்ளி ஒன்றில் 'அதெல்லாம் சி.பி.எஸ்.இ. பிள்ளைங்களுக்குங்க, இவங்களுக்கு எதுக்கு' என்றார்கள். பெயர் வேண்டாம், எந்தப் பள்ளியிலும் கேட்கக்கூடிய வசனம்தான். கட்டணத்தை நாங்கள் பங்கிட்டுக் கட்டினோம். செப்டம்பர் ஞாயிறு ஒன்றில் இரண்டு பேருந்து மாறிக் கூட்டிப்போனோம். வெளியே வந்தவள் சொன்னாள்: "அக்கா, ஒரு கணக்குல 'கன்செக்யூட்டிவ்'னு இருந்துச்சு. அதுக்கு அர்த்தம் தெரியாம கால் மணி நேரம் போச்சு." அடுத்தடுத்த எண்கள். வளைவுக் கணக்கில் அவள் தண்ணீராய்ப் போட்டவை. அந்தக் கால் மணி நேரம் எங்கள் தப்பு. சொற்பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டும் என்று மூவருக்கும் தோன்றவில்லை. சர்வதேசப் போட்டியில் பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே வினாத்தாள் வாங்கித் தங்கள் மொழியிலேயே எழுதலாம். அங்கே போய்ச் சேரும்வரைக்கும் சொற்பட்டியல் வேண்டும்.

இருவரும் தேர்வாகவில்லை. பையன் வருத்தப்படவில்லை, அவள் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, செய்யாமல் விட்ட ஒரு கணக்கை எழுதிக் காட்டினாள்.

ஹங்கேரியில் 1894இல் ஓர் ஆசிரியர் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கணிதப் பத்திரிகை தொடங்கினார். மாதாமாதம் கணக்குகள் அச்சாகும், ஊர் ஊராகப் பிள்ளைகள் தபாலில் விடை அனுப்புவார்கள், நல்ல விடைகள் பெயரோடு வெளியாகும். உலகப் போர்க்காலங்களில் நின்று மறுபடி தொடங்கி இன்றும் வருகிறது. இதைப் பார்த்துத்தான் நாங்களும் இரண்டு பக்கத் தாள் ஒன்று தொடங்கியிருக்கிறோம். மாதம் எட்டுக் கணக்கு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் நகல். போடியைச் சுற்றி நான்கு காலனிகளுக்குப் போகிறது. மலை மேலே தோட்டத்து லயங்களில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜீப் ஓட்டும் அண்ணன்மார் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். விடை அதே ஜீப்பில் இறங்கி வருகிறது, சில நேரம் ஏலக்காய் வாசத்தோடு.

இதைப் படிக்கும் மாணவத் தோழர்களில் கணிதம் படிப்பவர்கள் இருந்தால், ஆளுக்கு ஒரு கணக்குத் தாருங்கள். தமிழில், விளக்கத்தோடு. எண்ணியல், சேர்மானவியல் இரண்டிலும் எங்களுக்குக் கை வறண்டிருக்கிறது. வடிவியல் கணக்கென்றால் படம் கையால் போட்டாலே போதும். அடுத்த தாளுக்கு இதுவரை ஐந்துதான் சேர்ந்திருக்கிறது. ஆறாவது, அந்த அம்மாச்சி சொல்லி பேத்தி எழுதியது: தராசின் கை நீளம் தெரியாது, படிக்கல் மட்டும் சரியானது, ஒரு கிராம்கூட யாருக்கும் நட்டமில்லாமல் 1 கிலோ காய் நிறுப்பது எப்படி?