அர்ச்சனையில் சொல்லும் நட்சத்திரம்: ஜவ்வாது மலையில் ஓர் இரவு தரிசனம்

சந்நிதியில் அர்ச்சனைத் தட்டைக் கையில் வாங்கும் அர்ச்சகர், கோத்திரத்தையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். "ரோகிணி" என்றோ "மகம்" என்றோ பக்தர் விடை சொல்கிறார். அறுபது, எழுபது ஆண்டுகளாக இவ்வாறு சொல்லி வந்தவர்களுள், அந்த ரோகிணியையும் மகத்தையும் வானில் கண்ணாரக் கண்டவர் சிலரே. நகரத்து விளக்கொளியில் வானமே மறைந்துவிட்ட இந்நாளில் அது எவருடைய குறையும் அன்று. ஆயினும் அவற்றைக் காணத்தக்க இருள் இன்னும் எஞ்சியிருக்கும் இடம் ஒன்று தமிழகத்திலேயே உண்டு.

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின்மீது, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர் காவலூர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலைப்பாதை செல்கிறது. காடும் சாமை விளையும் கொல்லைகளும் சூழ்ந்த இவ்வூரை, 1960-களில் வானாய்வுக்கு உகந்த இடமாகத் தேர்ந்தெடுத்தவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். அவர் பெயரைத் தாங்கிய வானாய்வு நிலையத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இங்கே 1988-இல் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று, நாமகிரித் தாயாரின் பக்தரான கணித மேதை இராமானுஜத்தின் பெயரால் வழங்குகிறது.

சனிக்கிழமைகளில் இந்நிலையத்தைப் பொதுமக்கள் பார்வையிடலாம். வானம் தெளிந்திருந்தால், இருட்டிய பின் சிறிய தொலைநோக்கி ஒன்றின் வழியாகக் கோள்களையும் விண்மீன்களையும் காட்டுகிறார்கள். ஆனால் பிறந்த நட்சத்திரத்தைக் காணத் தொலைநோக்கி தேவையில்லை. நிலவற்ற இரவும், அரைமணி நேரப் பொறுமையும் போதும். கண் இருளுக்குப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும்.

ஆண்டில் எந்நாளும் இதற்கு ஏற்றதன்று. கார்த்திகைத் தீபத்தன்று முழுநிலவின் ஒளியில் கார்த்திகை மீன்களே மங்கிப் போகும். மழைக்காலத்தில் மேகம் மறைக்கும். தை முதல் சித்திரை வரையுள்ள மாதங்களில், அமாவாசையை ஒட்டிய நாட்களே நல்லவை.

பங்குனி அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு எட்டு மணிக்குக் காவலூரில் நிற்பவர், மேற்கே தாழ்வாகக் கார்த்திகைக் கூட்டத்தைக் காண்பார். ஆறுமுகப் பெருமானுக்குப் பாலூட்டிய அறுவர் அவர்கள். அதற்குச் சற்று மேலே செந்நிறமாய் ஒளிர்வது ரோகிணி. அருகே, சிவபெருமானுக்குரிய திருவாதிரையும் செம்மை படர்ந்தே தோன்றும். புனர்பூசத்தின் இரு மீன்கள் உச்சியை ஒட்டி இணையாக நிற்கும். கிழக்கில் உயர ஏறியிருப்பது மகம். தென்மேற்கே மலைமுகட்டுக்கு மேல் தனித்து ஒளிர்பவர் அகத்தியர். வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் எழுந்து வந்துகொண்டிருக்கும்.

அத்தகைய ஓர் இரவில், சதாபிஷேகம் கண்ட பெரியவர் ஒருவர் தம் துணைவியாருடனும் பேத்தியுடனும் அங்கு வந்திருந்தார். அம்மையாருக்கு ஓர் ஆவல் நெடுநாளாக இருந்தது. அவருடைய திருமணம் பகல் முகூர்த்தத்தில் நடந்தது. சாஸ்திரிகள் வானத்தைச் சுட்டி, "அருந்ததி தெரிகிறதா?" என்று கேட்டபோது, வெயிலில் கண் கூசத் தலையை அசைத்துத் "தெரிகிறது" என்று சொல்லிவிட்டார். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக அந்தச் சிறு பொய் அவர் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததாம்.

பேத்தி சப்தரிஷிகளில் கடைசியிலிருந்து இரண்டாவதாக உள்ள வசிஷ்டரைக் காட்டினாள். அவர் தெரிந்தார். அவரை ஒட்டி மங்கலாக நிற்கும் அருந்ததி தெரியவில்லை. ஒரு கண்ணில் புரை. மற்றொன்று அறுவை செய்துகொண்ட கண். அம்மையார் வெகுநேரம் முயன்று பார்த்துவிட்டு, "எனக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்றார். பேத்தி தன் பையிலிருந்து இருகண் நோக்கியை எடுத்து, பாட்டியின் முழங்கைகளை வண்டியின் மேல் ஊன்றச் செய்து, கண்ணருகே பிடித்தாள். சிறிது நேரம் பேச்சில்லை. பின் அம்மையார் கணவரைத் திரும்பிப் பார்த்து, "இப்போது நிஜமாகவே தெரிகிறது" என்றார்.

வசிஷ்டர், அருந்ததி ஆகிய மீன்களின் ஒளி பூமியை வந்தடைய ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகும். பெரியவர் தொட்டிலில் கிடந்த நாட்களில் புறப்பட்ட ஒளிதான் அன்றிரவு அம்மையாரின் கண்ணை எட்டியது. அந்த இரண்டு மீன்களும் வானவெளியில் ஒரே திசையில் சேர்ந்தே பயணம் செய்கின்றன என்பது வானியலார் அளந்து கண்ட செய்தி.

மற்ற நட்சத்திரங்களின் ஒளிக்கும் இவ்வாறே கணக்குண்டு. ரோகிணியின் ஒளி வந்து சேரச் சுமார் 65 ஆண்டுகள்; மகத்தினுடையது சுமார் 79; சுவாதியினுடையது சுமார் 37; திருவோணத்தினுடையது சுமார் 17. ரோகிணியில் பிறந்து அறுபத்தைந்து அகவை நிறைந்தவர், தாம் பிறந்த காலத்தில் புறப்பட்ட ஒளியையே இன்று காண்கிறார். திருவோணத்தில் பிறந்த பேரனுக்குப் பதினேழு வயதாகும்போது அதே பேறு வாய்க்கும்.

இரவைத் திருப்பத்தூரிலோ ஏலகிரியிலோ தங்கிக் கழிப்பவர்கள், விளக்குகளுக்கு விலகிய ஓரிடத்தில் பிரம்ம முகூர்த்தத்தில் வெளியே வந்து பார்க்கலாம். பங்குனியில் அந்நேரம் தெற்கே விருச்சிகம் முழுதும் நிற்கும். அனுஷம், செந்நிறக் கேட்டை, வளைந்த வாலாய் மூலம் ஆகியவற்றை வரிசையாக எண்ணலாம். அவற்றையொட்டி ஆகாச கங்கை வெண்புகையாய்ப் படர்ந்திருக்கும். மேற்கே சுவாதி சாய, கிழக்கே இருபுறமும் துணைமீன்களுடன் திருவோணம் ஏறி நிற்கும்.

முதியோர் செல்லும்போது கம்பளி, ஊன்றுகோல், சிவப்புத் தாள் சுற்றிய கைவிளக்கு ஆகியவை உடனிருத்தல் நலம். வெள்ளொளி ஒரு கணம் பட்டாலும் இருளுக்குப் பழகிய கண் மீண்டும் மங்கிவிடும். புறப்படுமுன் பார்வை நேரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். காட்டுப் பாதையாதலால் இரவில் தனியே நடப்பது கூடாது.

மலையடிவாரத்து ஊர்களின் வெளிச்சம் ஆண்டுதோறும் பெருகி, இந்த இருளையும் சிறிது சிறிதாகத் தின்று வருகிறது. கோயில் திருவிழாக்களில் வானை நோக்கி வீசும் விளக்குகளுக்கு மூடி அமைத்து ஒளியைத் தரைநோக்கித் திருப்பினாலும், அர்த்தஜாமப் பூசை முடிந்தபின் அவற்றை அணைத்தாலும் அதுவே பெரிய உதவி.

மொட்டை மாடியிலும் வாசல் திண்ணையிலும் படுத்து, பாட்டி விரல் நீட்டிக் காட்ட, துருவனையும் சப்தரிஷிகளையும் அறிந்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. பேரக் குழந்தைகள் தங்கள் நட்சத்திரத்தின் பெயரை மட்டும் அறிவார்கள், இடத்தை அறியமாட்டார்கள். அதைக் காட்டித் தர வேண்டியவர்கள் பெரியோர்களே. கண்ணொளி உள்ளபோதே ஒருமுறை மலையேறி, பேரனின் கையைப் பிடித்து, "அதோ, அதுதான் உன் நட்சத்திரம்" என்று காட்டிவிட்டு வரலாம். அடுத்த முறை அர்ச்சகர் கேட்கும்போது அந்தக் குழந்தை தான் கண்டதைச் சொல்லும்.