பலர் தந்த வாழ்வு

இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை தோலால் வாழும் ஊர்கள். பாலாற்றுப் படுகையில் இவை அமைந்துள்ளன. ஆற்றில் நீர் ஓடும் நாட்கள் சில. மணல் தெரியும் நாட்களே பல. ஆயினும் ஆற்று மணலின் ஊற்று நீரை நம்பியே முன்னோர் இங்குத் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தனர். உப்பிட்டு வரும் பச்சைத் தோலை ஊறவைத்துச் சுண்ணாம்புக் குழியில் இடுவர். மயிரையும் ஊனையும் நீக்குவர். பின்னர் ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் சாற்றில் பதப்படுத்துவர். இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் குரோமிய உப்பு செய்கிறது. இங்குப் பதமாகும் தோல் காலணியாகிக் கடல் கடந்து செல்கிறது. அதை அணிந்து நடப்பவர், அதைப் பதப்படுத்திய கைகளை அறியார்.

இவ்வட்டாரத்திற்கு மற்றொரு புகழும் உண்டு. அது வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையால் வந்தது. 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் என்னும் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் இங்கு மருத்துவத் தொண்டைத் தொடங்கினார். அதற்கு முன்பே அவர் அமெரிக்காவில் பலரிடம் சென்று உதவி கேட்டிருந்தார். ஷெல் என்னும் வங்கியாளர் ஒருவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். அத்தொகையைக் கொண்டு 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது. இந்தியாவில் உயிருடன் உள்ளவர் ஈந்த சிறுநீரகத்தை நோயாளிக்குப் பொருத்தும் அறுவை முதன்முதலாக வெற்றி பெற்றதும் இம்மருத்துவமனையில்தான், ஆண்டு 1971. கேட்டுப் பெற்ற பொருளால் எழுந்த இடத்திலேயே, கேட்டுப் பெற்ற உறுப்பால் உயிர் காக்கும் கலையும் வேரூன்றியது எனலாம்.

என் தந்தையார் ஆம்பூரில் தோல் ஆலைகளில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். நீரில் ஊறிக் கனத்த தோலைக் குழியிலிருந்து இழுத்துப் போடுவது அவர் வேலை. 2005ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய கால்கள் வீங்கின, உணவு வெறுத்தது, படி ஏறினால் மூச்சு வாங்கியது. பல ஆண்டுகளாக உள்ளே இருந்த இரத்தக் கொதிப்பு இரண்டு சிறுநீரகங்களையும் அழித்துவிட்டது என்று மருத்துவர் கூறினார். இரத்தக் கொதிப்பு வலி தருவதில்லை; ஆதலால் உழைப்பவர் அதை நோய் என்றே எண்ணுவதில்லை.

அவரை விதையை ஒத்த வடிவமும், மூடிய கையளவு பருமனும் உடையது சிறுநீரகம். நம் உடலிலுள்ள இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன; அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. இவ்வேலை நின்றால் குருதியில் நஞ்சு தேங்கும். அப்போது டயாலிசிஸ் என்னும் பொறியின் துணையால் குருதியைத் தூய்மை செய்ய வேண்டும். வாரத்திற்கு இருமுறை அல்லது மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் பொறியின் அருகே படுத்திருக்க வேண்டும். இது நோயை நீக்குவதன்று, நாளை ஒத்திவைப்பது. நெடுநாள் வாழ்வதற்கு நல்ல வழி, பிறர் ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்துவதே. ஒன்று மட்டும் இருந்தாலும் மனிதர் நலமாக வாழ இயலும் என்பது இயற்கை நமக்களித்த பேறு. 1954ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்னும் மருத்துவர், இரட்டைப் பிறவிகளுள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி இவ்வழியைத் திறந்தார். 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வழி திறந்திருந்தது, எங்களிடம் பொருள் இல்லை. அறுவைக்கும், அதற்கு முன்னும் பின்னும் ஆகும் செலவுக்கும் மூன்று இலட்சம் ரூபாய்க்கு மேல் வேண்டும் என்றனர். வீட்டில் இருந்தவை 18,000 ரூபாயும் என் தாயாரின் இரண்டு வளையல்களுமே. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் ஒரு பங்கு செலுத்தினால் நோய் வரும்போது குடும்பமே பயன்பெறும். ஆனால் என் தந்தையார் எண்ணிக்கைக் கூலிக்கு, ஒரு மேஸ்திரியின் கீழ் வேலை செய்தவர். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. முப்பது ஆண்டு உழைப்புக்குச் சான்றாக அவரிடம் இருந்தவை சுண்ணாம்பு அரித்த விரல்கள் மட்டுமே.

நான் அப்போது ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். பிறரிடம் சென்று கேட்பதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. கேட்பது எளிதன்று. வாயில் வரை சென்று திரும்பிய நாட்கள் உண்டு. தந்தையாருடன் ஒரே குழியில் வேலை செய்த முதியவர் ஒருவர் இருந்தார். ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பர். அவர் என்னை அழைத்து, தோல்களை எண்ணிக் குறிக்கும் நீண்ட கணக்கேடு ஒன்றைக் கையில் கொடுத்தார்.

“தம்பி, பிச்சை கேட்பவன் கணக்குக் காட்டுவதில்லை. நீ ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுது. எழுதியதை எல்லாரும் பார்க்கும்படி வை. பிறகு நீ தலைகுனிய வேண்டியதில்லை” என்றார்.

அவர் சொன்னபடியே செய்தேன். ஏட்டின் முதல் பக்கத்தில் மருத்துவமனை தந்த செலவு மதிப்பீட்டை ஒட்டினேன். இடப்பக்கம் கொடை, வலப்பக்கம் கடன் என வகுத்தேன். மாலைதோறும் அந்த ஏட்டைத் தெருமுனைத் தேநீர்க் கடையில் வைப்பேன். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

ஏடு மெல்ல நிறைந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்தபின் பள்ளிவாசலில் விரித்த துணியில் ஒரு நாள் 11,460 ரூபாய் சேர்ந்தது. எங்கள் தெருக் கோயிலில் திருவிழாக் குழுவினர் வாணவேடிக்கைக்கு ஒதுக்கிய தொகையை அவ்வாண்டு எங்களுக்கு அளித்தனர். தேவாலயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை எங்கள் பெயரால் எடுக்கப்பட்டது. ஆலை முதலாளி ஒருவர் 25,000 ரூபாய் கொடுத்தார். அவர் ஆலையில் தோல் சுமந்த ஒருவர் 20 ரூபாய் கொடுத்தார். ஏட்டில் இருவருக்கும் ஒவ்வொரு வரியே கிடைத்தது.

காலணி தைக்கும் பெண்கள் இருபது பேர் சேர்ந்து மாதம் 500 ரூபாய் வீதம் சீட்டு நடத்தி வந்தனர். மாதந்தோறும் குலுக்கலில் ஒருவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். அம்மாதம் முறை வந்தவர், தம் மகளின் திருமணத்திற்காக அதை எதிர்பார்த்திருந்தவர். அவர் தம் முறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். “கல்யாணத்தை மூன்று மாதம் தள்ளலாம், உன் அப்பாவைத் தள்ள முடியுமா?” என்று கேட்டார். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தொகையைக் கடன் பக்கத்தில் எழுதினேன். விட்டுக்கொடுத்த மூன்று மாதத்தை எழுதப் பக்கம் இல்லை.

இதற்கிடையில் ஒருவர் எங்கள் வீடு தேடி வந்தார். பணம் கொடுத்தால் சிறுநீரகம் தருவதற்கு ஆள் இருப்பதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். என் தந்தையார் படுக்கையிலிருந்து எழுந்து அமர்ந்தார். “ஊரார் தந்த காசு இது. என்னைப் போன்ற மற்றோர் ஏழையின் வயிற்றைக் கிழிப்பதற்கு அவர்கள் இதைத் தரவில்லை” என்று கூறி அவரை அனுப்பிவிட்டார். உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். சட்டத்தை என் தந்தையார் படித்தவர் அல்லர். ஆயினும் அதன் உட்பொருளை அறிந்திருந்தார்.

அவர் கூறியதன் உண்மையைப் பின்னர் நான் படித்து அறிந்தேன். சென்னையில் சிறுநீரகத்தை விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் கடனை அடைப்பதற்காகவே விற்றனர். ஆய்வு நடந்த காலத்திலும் அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் கடனாளிகளாகவே இருந்தனர். பெரும்பாலோரின் உடல்நலமும் குன்றியிருந்தது. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆழிப்பேரலையால் வீடிழந்து சென்னையை அடுத்த எர்ணாவூரில் குடியேறிய பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்ற செய்தி நாட்டையே வருத்தியது. விற்றவரின் வறுமை நீங்கவில்லை. உறுப்பு ஒன்று மட்டுமே நீங்கியது.

எங்களுக்குச் சிறுநீரகம் ஈந்தவர் என் தாயார். நான் தர முன்வந்தபோது தந்தையார் இசையவில்லை. தாயாரின் குருதி வகையும் பிற சோதனைகளும் பொருந்தின. கணவன், மனைவி, பெற்றோர், மக்கள், உடன்பிறந்தோர் ஆகிய நெருங்கிய உறவினர் ஈவதைச் சட்டம் ஏற்கிறது. எனினும் ஒருவரும் வற்புறுத்தவில்லை என்பதை உறுதி செய்த பின்னரே இசைவு தருவர். அதிகாரியர் என் தாயாரைத் தனியே அழைத்து வினவினர். “வீட்டில் இரண்டு குடம் இருக்கிறது. ஒன்றை அவர் பக்கம் வைக்கிறேன். இதற்கு யார் என்னை வற்புறுத்த வேண்டும்?” என்று விடையளித்ததாக அவரே பின்னர் எங்களிடம் சொன்னார்.

2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அறுவை நடந்தது. பத்து நாட்களுக்குள் தந்தையாரின் முகத்தில் பழைய நிறம் திரும்பியது. ஆனால் செலவு அத்துடன் முடியவில்லை. உடல், தனக்கு உரியதல்லாத உறுப்பைப் பகையெனக் கருதி எதிர்க்கும். அந்த எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் ஒரு நாளும் விடாமல் உட்கொள்ள வேண்டும். அறுவைக்குப் பொருள் திரட்டுவோர் பலர் இதைக் கணக்கில் கொள்வதில்லை. எங்கள் ஏட்டில் மருந்துக்கெனத் தனிப் பக்கம் தொடங்கினோம். எனக்கு வேலை கிடைத்தது. கடன் பக்கத்தின் கடைசி வரியை 2010இல் அடித்தேன்.

அறுவைக்கெனச் சேர்ந்த தொகையில் 14,300 ரூபாய் எஞ்சியது. அதை என்ன செய்வது என்று பாயிடம் கேட்டேன். பேரணாம்பட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு தொழிலாளியின் குடும்பத்தை அவர் காட்டினார். தொகையை அவர்களிடம் ஒப்படைத்தோம். ஏட்டில் மீதமிருந்த வெள்ளைத் தாள்களையும் அவர்களுக்கே கொடுத்தோம். என் தந்தையார் மேலும் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்து 2017இல் மறைந்தார். என் தாயார் ஒற்றைச் சிறுநீரகத்துடன் இன்றும் நலமாக இருக்கிறார்.

அக்காலத்திற்குப் பின் நாட்டில் நன்மைகள் பல நிகழ்ந்துள்ளன. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த இதேந்திரன் என்னும் பதினைந்து வயது மாணவனின் உறுப்புகளை, மருத்துவர்களாகிய அவன் பெற்றோர் பிறருக்கு ஈந்தனர். அச்செயல் தமிழகத்தின் மனத்தை மாற்றியது. இறந்தோரின் உறுப்புகளை முறையாகப் பகிர்ந்தளிக்கும் அரசுத் திட்டம் அவ்வாண்டிலேயே உருப்பெற்றது. 2009இல் ஏழைக் குடும்பங்களுக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. உறுப்பு மாற்று அறுவையும் காப்பீட்டில் இடம்பெற்றது. உறுப்பு ஈந்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது.

ஆயினும் ஏடு எடுத்து வீடு வீடாகச் செல்லும் மகனும் மகளும் இன்னும் இல்லாமல் போகவில்லை. காப்பீட்டு அட்டை பெறாதவரும், பதிவேட்டில் பெயர் ஏறாதவரும் எந்தத் திட்டத்தின் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆதலால் இன்று என் வகுப்பு மாணவர்களிடம் நான் இரண்டு செய்திகளைச் சொல்வதுண்டு. வீட்டில் உழைக்கும் பெரியவரின் பெயர் ஆலைப் பதிவேட்டிலும் காப்பீட்டிலும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவருடைய இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அளக்கச் செய்யுங்கள். இவ்விரண்டுக்கும் ஆகும் செலவு மிகச் சிறிது.

ஊரார் ஒன்றுகூடி ஓர் உயிரைக் காப்பது பெருமைக்குரியது. அவ்வாறு ஊரைக் கூட்டவேண்டிய நிலை ஒரு தொழிலாளியின் பிள்ளைக்கு வாராதிருப்பது அதனினும் பெருமைக்குரியது. முன்னதை மக்களின் அன்பு செய்தது. பின்னதை மக்களின் அன்பும் அரசின் முறையும் சேர்ந்தே செய்யவேண்டும்.