தாருக்கு அடியில்

ஒஹாயோவில் என் மகன் வீட்டில் தங்கியிருந்த கோடையில், அவன் வாங்கிய பழைய ஏர்ஸ்ட்ரீம் வண்டியின் கூரையைச் சுரண்டுவதே எங்கள் வேலையாயிற்று. காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் அலுமினிய வீடு அது. வாலி பயம் என்பவர் 1930களில் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு. ஆகாய விமானத்தைப் போன்றே மெல்லிய தகடுகளை ரிவிட் அடித்து இணைத்தது.

முன்பு வைத்திருந்தவர் ஒழுகிய இடமெல்லாம் தாரைப் பூசியிருந்தார். அவரைக் குறைகூற மனம் வரவில்லை. மழை நாளில் கைக்குக் கிடைத்ததைத்தானே பூசுவோம்! ஆனால் பூச்சு வெடித்ததும் நீர் அதனடியில் ஊர்ந்து, எங்கோ ஒரு ரிவிட் துளைவழியே இறங்கிற்று. உள்ளே தரைப்பலகை ஓரமெல்லாம் இற்றுப்போயிருந்தது.

பழைய பூச்சுகள் சிலவற்றில் கல்நார் உண்டு. மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி, அது இல்லையென்று அறிந்த பின்னரே கைவைத்தோம். இரும்புச் சுரண்டியும் உப்புத்தாளும் இங்கே ஆகா. தகட்டின் உள்ளே இருப்பது உலோகக் கலவை. அரிப்பிலிருந்து அதைக் காப்பது மேலே படர்ந்துள்ள, தலைமயிரினும் மெல்லிய தூய அலுமினியம். தேய்ந்தால் அது திரும்பாது. காஸ்டிக் சோடாவோ அலுமினியத்தையே தின்றுவிடும். ஆகவே வெப்பக்காற்றால் தாரை இளக்கி, பிளாஸ்டிக் தகட்டால் உரித்தோம். நாளுக்கு இரண்டு முழம் நகர்ந்தால் அதிகம். சிறுவயது முதலே அவசரக்காரனான என் மகன் இதில் மட்டும் அவசரப்படவில்லை.

ஆறாம் நாள், பின்சன்னலுக்கு மேலே, தலை உடைந்த மூன்று ரிவிட்கள் தென்பட்டன. அவன் உள்ளே சென்று படுத்துக்கொண்டான். நான் ஏணியிலிருந்து ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றினேன்.

“அப்பா, இங்கேதான்!” என்றான்.