எல்லாரும் நல்லா பண்ணாங்க!

ஜனவரி பிறந்தால் பத்திரிகைக்காரனுக்கு ஒரு கண்டம் உண்டு. ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து போன் வரும். ‘சார், எங்க கல்ச்சுரல்ஸுக்கு நீங்கதான் ஜட்ஜ்!’ பாட்டுக்கா, டான்ஸுக்கா என்று கேட்டால், ‘ரெண்டுக்கும்தான் சார்’ என்பார்கள். நமக்கு இரண்டும் வராது என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையே கிடையாது. பத்திரிகையில் வாராவாரம் போட்டோ வருகிறதே, அது போதும்.

கல்ச்சுரல்ஸ் என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் விழா ஒரு காலத்தில் ‘மார்டி கிரா’. 1996-லிருந்து ‘சாரங்’. திருச்சி ஆர்.இ.சி., என்.ஐ.டி. ஆவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே, 1975-ல் தொடங்கியது ‘ஃபெஸ்டெம்பர்’. இவையெல்லாம் பெரிய தேர்கள். இவை போக ஊருக்கு ஊர் சின்னச் சின்ன சப்பரங்கள்.

2024 பிப்ரவரியில் அப்படி ஒரு சப்பரத்துக்குப் போயிருந்தேன். பைபாஸை ஒட்டிய தனியார் கல்லூரி. சுற்று வட்டாரக் கல்லூரிகளிலிருந்து பதினான்கு டீம்கள். மூன்று ஜட்ஜுகள்: சினிமாவில் பின்வரிசையில் ஆடி மாஸ்டராக உயர்ந்தவர் ஒருவர், ஒரு பாட்டு டீச்சர், அப்புறம் நான். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ஒருங்கிணைப்பு, உடை, மேடையைப் பயன்படுத்திய விதம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. மொத்தம் நூறு மார்க்.

நான் பி.காம். டெபிட், கிரெடிட் பாதி மறந்துவிட்டது. நரேஷன் மட்டும் மறக்கவில்லை. ஜர்னலில் ஒரு என்ட்ரி போட்டால், அது எதற்காக என்று கீழே ஒரு வரி எழுத வேண்டும். ‘பீயிங்’ என்று ஆரம்பிக்கும். வாடகை கொடுத்தது, சரக்கு விற்றது என்று முடியும். தொகை சரியாக இருந்தாலும் நரேஷன் இல்லையென்றால் எங்கள் புரொபசர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். அந்தப் பயத்தில் இன்றைக்கும் எதற்காவது மார்க் போட்டால் பக்கத்திலேயே காரணத்தை எழுதிவிடுவேன்.

முதலில் குழுப் பாட்டு.

பல்கலைக்கழகங்களுக்கிடையே தேசிய அளவில் நடக்கும் இளைஞர் விழாவில் இதற்கு ஒரு விதி உண்டு. பாடுகிறவர்கள் அதிகபட்சம் ஆறு பேர். பத்து நிமிஷம். சினிமாப் பாட்டு கூடாது. உடைக்கும் அலங்காரத்துக்கும் மார்க் கிடையாது, பாடுவதற்கு மட்டும்தான். இங்கே ஆறு பேர் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டார்கள்.

ஆண், பெண் கலந்து பாடிய டீம்களுக்கு ஒரே வியாதி. பெண்களுக்குச் சாதாரணமாக ஐந்து, ஐந்தரைக் கட்டை. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு பக்கம் திண்டாடும். ஒரு டீமில் பையன்கள் மூன்று பேரும் பல்லவியிலேயே நரம்பு புடைக்க ஆரம்பித்து, சரணத்தில் ஏறக்குறைய சண்டைக்கு நின்றார்கள். இன்னொரு டீமில் ஆறு பேர் பாடினார்கள், ஒரு பெண்தான் கேட்டாள். மைக்கை அவள் உதட்டோடு ஒட்டிவைத்திருந்தாள், மற்ற ஐவரும் மார்புக்கு நேரே பிடித்திருந்தார்கள்.

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. மேடையைப் பார்த்த மாதிரி ஒரு மானிட்டர் ஸ்பீக்கர்கூட வைக்கவில்லை. தன் குரல் தனக்குக் கேட்காதவன் கத்தத்தான் செய்வான். கத்தினால் சுருதி போகத்தான் செய்யும்.

எனக்கு எம்.பி.சீனிவாசன் ஞாபகம் வந்தார். சினிமாவுக்கு இசையமைத்தவர், 1988-ல் காலமானவர். ‘மெட்ராஸ் யூத் கொயர்’ தொடங்கி, பாரதி பாட்டுகளையெல்லாம் சேர்ந்திசையாக்கியவர். ஆளுக்கொரு வரிசையில் வேறு வேறு ஸ்வரம் பாட, மொத்தமாகச் சேரும்போது வேறொன்றாக ஒலிக்கும். ஆறு பேர் ஒரே மெட்டை ஒரே மாதிரி பாடுவது ஒரு குரலை ஆறால் பெருக்குவது. சேர்ந்திசை வேறு கணக்கு. அன்றைக்கு அந்தக் கணக்கு தெரிந்த டீம் ஒன்றே ஒன்றுதான். நாலே வரிக்குத்தான் இரண்டு பையன்கள் கீழே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நின்றார்கள். பாட்டு டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த டீமுக்குத்தான் முதல் பரிசு.

மத்தியானம் டான்ஸ்.

நான் படித்த தொண்ணூறுகளில், ‘காதலன்’ கேசட் வந்த சமயம், குரூப் டான்ஸுக்குப் பாட்டு வெட்டுவது ஒரு தனித் தொழில். டபுள் டெக் டேப்ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, பாஸ் பட்டனில் விரல் வலிக்க வலிக்க உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு பாட்டு ஒட்டுவதற்குள் விடிந்துவிடும். அதனால் இரண்டு பாட்டோடு நிறுத்திக்கொண்டோம். இப்போது லேப்டாப்பில் அஞ்சு நிமிஷ வேலை. விளைவு, எட்டு நிமிஷத்தில் பதினோரு பாட்டு! ஒரு ஸ்டெப் முடிந்து கால் தரையில் படுவதற்குள் அடுத்த படம் வந்துவிடுகிறது. சரவண பவனில் மெனு கார்டை மட்டும் படித்துவிட்டு எழுந்து வந்தது போல இருந்தது.

2006-ல் விஜய் டி.வி.யில் ‘ஜோடி நம்பர் ஒன்’, 2007-ல் கலைஞர் டி.வி.யில் ‘மானாட மயிலாட’ என்று வந்த காலத்திலிருந்து மேடை டான்ஸில் கதையும் வேண்டும் என்றாகிவிட்டது. மூன்று டீம்கள் ‘தீம்’ பண்ணினார்கள். மூன்றிலும் ஒரு விவசாயி செத்துப்போனார். மூன்றிலும் கடைசியில் தேசியக் கொடி வந்தது. கொடி வந்தால் அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. அந்தக் கைதட்டல் கொடிக்கா டான்ஸுக்கா என்று பிரிப்பது கஷ்டம். நான் பிரித்துத்தான் மார்க் போட்டேன். நரேஷன்: ‘விவசாயி நன்றாக ஆடினார். எதற்காகச் செத்தார் என்று தெரியவில்லை.’

ஜெயித்த டீமைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு பெண்ணின் துப்பட்டா கழன்று மேடையில் விழுந்தது. எட்டுப் பேர் சுழன்று ஆடுகிற இடம். யார் கால் வைத்தாலும் வழுக்கியிருக்கும். பின்வரிசைப் பையன் ஒருவன், குனிய வேண்டிய ஸ்டெப்பே இல்லாத இடத்தில், தாளத்தோடு குனிந்து அதை அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த ஸ்டெப்புக்குப் போய்விட்டான். பாதிப் பேர் அதையும் ரிகர்ஸல் என்றே நினைத்திருப்பார்கள். ‘ஒருங்கிணைப்பு’ என்ற கட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான நரேஷன் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசிக்கு முந்தைய டீம், ஒரு அரசுக் கல்லூரி. பத்துப் பெண்கள், கும்மி. டிராக் கிடையாது. அவர்களே பாடி, அவர்களே தட்டினார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். கையைக் குவித்துத் தட்டினால் ஒரு சத்தம், விரல் நுனியால் தட்டினால் வேறு சத்தம். பத்து ஜோடிக் கையும் ஒரே கையாகக் கேட்டது. ஆனால் நாலாவது இடம்தான் கிடைத்தது. மூன்றாவது இடத்துக்கும் அவர்களுக்கும் இரண்டே மார்க்தான் வித்தியாசம்.

பரிசளிப்பில் எங்கள் சார்பாக மாஸ்டர் மைக் பிடித்தார். நல்ல மனுஷர். “எல்லாருமே நல்லா பண்ணாங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் எல்லாருமே வின்னர்ஸ்தான்” என்றார். பெரிய கைதட்டல். எங்களுக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு.

காரை நோக்கி நடக்கும்போது பின்னால் ‘சார்... சார்...’ என்று குரல். கும்மி டீம். மேக்கப் கலைக்கவில்லை. எடுத்துக் கொடுத்துப் பாடிய பெண்தான் முன்னால் நின்றாள்.

“சார், எல்லாரும் நல்லா பண்ணோம்னா எங்களுக்கு ஏன் சார் ப்ரைஸ் இல்ல?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“நாளைக்குக் காலேஜ்ல கேப்பாங்க சார். பஸ்ஸுக்கு எங்க மேடம்தான் கைக்காசு போட்டாங்க. மொத தடவையா வெளிய அனுப்பிருக்காங்க. எல்லாரும் நல்லா பண்ணாங்களாம், நமக்கு மட்டும் இல்லையாம்னு போய்ச் சொன்னா அடுத்த வருஷம் அனுப்ப மாட்டாங்க சார். என்ன தப்புன்னு சொன்னா சரி பண்ணிட்டு வர்றோம்னு கேக்கலாம். நீங்க எழுதிட்டே இருந்தீங்களே, அதைப் படிங்க சார்.”

‘நல்லாத்தாம்மா பண்ணீங்க, அடுத்த முறை பாத்துக்கலாம்’ என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுவது சுலபம். எல்லோருக்கும் நல்லவனாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் ஆறுதல் கேட்டு வரவில்லை, கணக்குக் கேட்டு வந்திருக்கிறாள். தாளை எடுத்தேன்.

“கைத்தாளம் இன்னைக்கு வந்த எல்லா டீமையும்விட சுத்தம். அதுக்கு முழு மார்க். ஆரம்பமே ரொம்ப வேகம், அதனால கடைசியில ஏத்தறதுக்கு வேகம் மிச்சமில்ல. அங்க நாலு போச்சு. ஆடிக்கிட்டே பாடினதால உனக்கு மூணாவது பாட்டுல மூச்சு வாங்குது. வேற ஒருத்தி மாத்தி எடுத்துக் கொடுத்திருக்கலாம். அங்க மூணு. பெருசா போனது இங்கதான். வட்டத்தை மூடிட்டீங்க. எட்டு நிமிஷமும் எங்களுக்குத் தெரிஞ்சது முதுகுதான். மேடையைப் பயன்படுத்தின விதத்துல எட்டு மார்க் குறைச்சிருக்கேன்.”

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அழுதுவிடுவார்களோ என்று பார்த்தேன். அவள் சொன்னாள்:

“கும்மி பாக்கறதுக்கா சார்? எங்க ஊர்ல யாரும் நின்னு பாக்க மாட்டாங்க. பாக்க வந்தவங்களும் உள்ள வந்து சேந்துக்குவாங்க.”

பின்னாலிருந்து இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். “அரை வட்டமா நின்னா எதிர்ல யாரு சார் இருப்பா? எதிர்ல இருக்கறவ கையப் பாத்துத்தான் நாங்க தாளமே புடிக்கறோம்.”

நான் முழு மார்க் போட்ட விஷயமும் எட்டு மார்க் குறைத்த விஷயமும் ஒன்றோடொன்று கட்டியிருக்கிறது என்பதை அந்தப் பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். எந்தத் தாளிலும் இதற்குக் கட்டம் கிடையாது. அதே சமயம், கீழே ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் நிஜம்தானே? அவர்களுக்கும் ஏதாவது தெரிய வேண்டாமா? அதையும் சொன்னேன்.

அங்கேயே போர்ட்டிகோவில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். இப்படி மாற்றி, அப்படி மாற்றி. கடைசியில் அவர்களுடைய மேடம் ஒரு யோசனை சொன்னார். வட்டம் வட்டமாகவே இருக்கட்டும், நம்மைப் பார்த்த பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக விடலாம். விட்டார்கள். நாலு தட்டுத் தட்டினார்கள். அந்தச் சந்து வழியாக எதிர்ப்பக்கத்து முகங்கள் தெரிந்தன. வட்டம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு முகமாக அந்த இடத்துக்கு நேரே வந்து போனது.

“அந்த எடம் உள்ள வர்றவங்களுக்கு சார்” என்று சிரித்தாள் அந்தப் பெண்.

யோசித்துப் பாருங்கள். ‘சூப்பர்மா’ என்று சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு நடந்தே இருக்காது. பாராட்டுக்கு யாரும் பதில் சொல்வதில்லை, தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். காரணம் சொன்னால்தான் எதிர்க்காரணம் வரும். இரண்டு பேரும் கொஞ்சம் நகர வேண்டியிருக்கும்.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் விகடனில் ‘ஆடல் பாடல்’ எழுதினார். பெரிய பெரிய வித்வான்களையும் விடவில்லை. 2007-ல் காலமான சுப்புடு அடித்த அடியில் கலங்காத சபா இல்லை. அவர்கள் பேனாவைத் திட்டியவர்களும் மறுநாள் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார்கள். ஏனென்றால், அந்த ஆள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து நிஜமாகவே கேட்டிருக்கிறார் என்பதற்கு அந்தத் திட்டுதான் ரசீது. பெரிய வித்வான்களுக்குக் கிடைத்த அந்த மரியாதை, கைக்காசில் பஸ் ஏறி வந்து எட்டு நிமிஷம் ஆடிவிட்டுப் போகிற பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? மாதக்கணக்கில் வகுப்பு முடிந்து வராந்தாவில் பழகியிருப்பார்கள். நாம் கொடுப்பது ஒரு நம்பர். அதையும் மடித்து கவரில் போட்டு ஒட்டிவிடுகிறோம்.

அதனால் கல்லூரிகளுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். அடுத்த வருஷம் ஜட்ஜாகக் கூப்பிடுவதாக இருந்தால் எனக்கு மூன்று நிபந்தனைகள். ஒன்று, மேடையில் பிள்ளைகளைப் பார்த்து ஒரு மானிட்டர் ஸ்பீக்கர். இரண்டு, தாளில் ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் நரேஷன் எழுத இடம், அந்தத் தாளின் ஜெராக்ஸ் அந்தந்த டீமுக்கு. மூன்று, பரிசளிப்பு முடிந்ததும் அரை மணி நேரம், தோற்ற டீம்களோடு உட்கார்ந்து பேச.

பொன்னாடை வேண்டாம். அந்தக் காசில் பஸ் சார்ஜ் கொடுத்துவிடுங்கள்.